தட்டில் விழுந்த கண்ணீர்

1

அப்பா இறந்த நான்காம் நாள் இரவு. சொந்தக்காரர்களில் பாதிப் பேர் கிளம்பிப் போயிருந்தார்கள். அம்மா கொல்லைப்புறத்தில் துணி துவைக்கும் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள். அதுவரை கூட்டத்தோடு சேர்ந்து அழுதவள் அன்றுதான் தனியாக அழுதாள். சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. எங்கள் வீட்டு நாய் மணி முருங்கை மரத்தடியிலிருந்து எழுந்து வந்து அவள் காலடியில் படுத்து, பாதத்தின் மேல் தாடையை வைத்துக்கொண்டது. அம்மா குனிந்து அதன் தலையைத் தடவினாள். கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றது. கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த பெரியம்மா என்னிடம் சொன்னார்: "பாத்தியாடா, அதுக்குத் தெரியுது. மனுசனுக்குத் தெரியலன்னாலும் அதுக்குத் தெரியுது."

பதினாறாம் நாள் காரியம் முடிந்த சாயங்காலம் மொட்டைமாடியில் தனியாக உட்கார்ந்து நானும் அழுதேன். மணி படியேறி வந்தது. எதிரே நின்று என் முகத்தைப் பார்த்தது. வலது கையை முகர்ந்தது. மதியம் வடை சாப்பிட்ட கை. இரண்டு தடவை நக்கிவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் கீழே இறங்கிப் போய்விட்டது. சொன்னால் சிரிப்பீர்கள், எனக்கு அவமானமாக இருந்தது. அம்மாவின் துக்கம் தெரிந்த நாய்க்கு என் துக்கம் மட்டும் ஏன் தெரியாமல் போனது? இல்லை, அம்மாவின் துக்கமே அதற்குத் தெரியாதா? அன்று அவள் கால் சும்மா குளிர்ச்சியாக இருந்ததால் வந்து படுத்ததா?

அடுத்த சில மாதங்கள் நாய் வரும் கதைகளாகத் தேடிப் படித்தேன். துக்கத்தில் இருப்பவனுக்கு ஏதாவது ஒரு வேலை வேண்டும், எனக்கு இது. படிக்கப் படிக்க ஒன்று பிடிபட்டது. பெரியம்மா சொன்ன அந்த வாக்கியத்தை ஒரு எழுத்தாளர் எப்படிக் கையாள்கிறார் என்பதிலேயே அவர் யார் என்று தெரிந்துவிடுகிறது.

2

முதலில் மோசமான நாய்க் கதையைப் பார்த்துவிடுவோம். நமக்கெல்லாம் அது மனப்பாடம். எஜமான் சோர்ந்துபோய் வீட்டுக்கு வருகிறான். யாரும் கவனிக்கவில்லை. நாய் மட்டும் கவனிக்கிறது. மடியில் தலை வைக்கிறது, கண்ணீரை நக்கித் துடைக்கிறது. தேவைப்பட்டால் ஊரைக் கூட்டி வந்து உயிரையும் காப்பாற்றுகிறது. லாஸி என்ற கோலி நாயை வைத்து 1954இல் தொடங்கிப் பல வருடம் ஓடிய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் இந்த வார்ப்பை உலகம் முழுக்கப் பரப்பியது. டிம்மி கிணற்றில் விழுந்துவிட்டான், லாஸி ஓடிவந்து சொல்கிறது என்பது அங்கே பழமொழி மாதிரியே ஆகிவிட்டது. தொடரில் டிம்மி கிணற்றில் விழவே இல்லை என்பது வேறு விஷயம்.

இந்த வார்ப்பில் என்ன தப்பு? நாய்க்கு இதெல்லாம் தெரியாது என்று நான் சொல்ல வரவில்லை. ஆராய்ச்சிகள் வேறு மாதிரி சொல்கின்றன. 2012இல் லண்டனில் ஒரு சோதனை செய்தார்கள். 18 நாய்கள். வீட்டு ஆள் ஒருவர், முன்பின் தெரியாத ஒருவர். இருவரும் மாறி மாறிச் சாதாரணமாகப் பேசினார்கள், பாட்டை முணுமுணுத்தார்கள், அழுவதுபோல் நடித்தார்கள். 15 நாய்கள் அழுகிறவரிடம் போயின. அழுதது தெரியாத ஆளாக இருந்தாலும், பக்கத்தில் இருந்த தன் எஜமானை விட்டுவிட்டு அவரிடம்தான் போயின. 2022இல் பெல்ஃபாஸ்டில் 36 பேரைக் கடினமான மனக்கணக்குப் போடவைத்து, அதற்கு முன்னும் பின்னும் அவர்களுடைய வியர்வையையும் மூச்சையும் துணியில் எடுத்து நான்கு நாய்களிடம் கொடுத்தார்கள். பதற்றத்தின் வாசனையை அவை 93.75 சதவீதம் சரியாகப் பிரித்துக் காட்டின. முகத்தைப் பார்க்கவில்லை, குரலைக் கேட்கவில்லை. வெறும் துணி.

ஆக, மோப்பம் உண்மை. ஆனால் அதோடு கதை முடியவில்லை.

2018இல் அமெரிக்காவில் 34 நாய்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. கண்ணாடிக் கதவு. காந்தத்தால் லேசாக மூடியிருக்கும், நாய் முட்டினால் திறந்துவிடும். உள்ளே எஜமான். சிலர் உதவி கேட்டு அழுதார்கள், சிலர் குழந்தைப் பாட்டு ஒன்றை முணுமுணுத்தார்கள். இரண்டு நேரத்திலும் ஏறக்குறைய பாதி நாய்கள் கதவைத் திறந்தன. அழுகையைக் கேட்டுத் திறந்தவை ரொம்ப வேகமாகத் திறந்தன. எனக்கு முக்கியமாகப் பட்டது மற்ற பாதி. அழுகையைக் கேட்டும் கதவைத் திறக்காத நாய்கள் அக்கறை இல்லாமல் சும்மா நிற்கவில்லை. திறந்தவற்றைவிட அவைதான் அதிகப் பதற்றத்தோடு இருந்தன. துக்கம் அவற்றுக்குள் புகுந்து அவற்றையே முடக்கிவிட்டிருந்தது.

2006இல் வெளிவந்த இன்னொரு ஆய்வில், எஜமானர்கள் திறந்தவெளியில் மாரடைப்பு வந்ததுபோல் கீழே விழுந்து நடித்தார்கள். பக்கத்தில் இன்னொரு மனிதர் இருந்தார். ஒரு நாய்கூட அவரிடம் போய் உதவி கேட்கவில்லை.

அப்படியானால் இங்கே மூன்று வெவ்வேறு விஷயங்கள் இருக்கின்றன. துக்கத்தை மோப்பம் பிடிப்பது. அது தனக்கும் தொற்றிக்கொள்வது. பிறகு, நம்மைத் தேற்றுவது. லாஸி வகைக் கதைகள் மூன்றையும் ஒரே உருண்டையாகப் பிடித்து நம் வாயில் ஊட்டிவிடுகின்றன. மோப்பத்துக்கும் தேற்றுதலுக்கும் நடுவில் நாய்க்கு என்ன ஆகிறது என்று அவை கேட்பதே இல்லை. நல்ல எழுத்தாளர் அந்த நடுவிடத்தில் நின்றுவிடுகிறார்.

3

வர்ஜீனியா வுல்ஃப் 1933இல் வெளியிட்ட 'ஃப்ளஷ்' ஒரு நாயின் வாழ்க்கை வரலாறு. கவிஞர் எலிசபெத் பேரட் வளர்த்த காக்கர் ஸ்பேனியல் நாய்தான் ஃப்ளஷ். லண்டன் விம்போல் தெருவில், நோயாளியாக, திரை போட்ட அறையில் சோபாவில் படுத்தபடி வாழ்ந்தவர் எலிசபெத். அப்பா கண்டிப்பானவர், பிள்ளைகள் யாரும் கல்யாணம் செய்துகொள்ளக்கூடாது என்று இருந்தவர்.

தான் அழுதுகொண்டிருந்தபோது ஃப்ளஷ் தலையணைக்குப் பக்கத்தில் தலையை நுழைத்து வந்ததைப் பற்றி எலிசபெத்தே ஒரு கவிதை எழுதியிருக்கிறார். வுல்ஃப் அந்தச் சம்பவத்தைக் கதைக்குள் எடுத்துக்கொள்கிறார். ஆனால் அங்கேயே நின்று கண் கலங்கவில்லை. அந்த நாய்க்கு வெளியே வெயிலும் புல்லும் வேண்டும், இவளுக்கோ சோபாவைவிட்டு எழ முடியாது. ஒருவர் முகம் ஒருவருக்குக் கண்ணாடி மாதிரி இருக்கிறது. ஆனாலும் நடுவில் ஒரு பள்ளம். அது தாண்ட முடியாத பள்ளம் என்பதை வுல்ஃப் மறைப்பதில்லை.

அதைவிட அருமையான இடம் பின்னால் வருகிறது. ராபர்ட் பிரௌனிங்கின் கடிதங்கள் வர ஆரம்பிக்கின்றன. வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. ஃப்ளஷுக்குத் தெரிகிறது. தன்னைத் தடவும் விரல்களில் ஏதோ மாறிவிட்டது. பிறகு பிரௌனிங்கே நேரில் வந்து நாற்காலியில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போகிறார். அன்று இரவு அப்பா வழக்கம்போல அறைக்கு வருகிறார். அதே நாற்காலியில் உட்காருகிறார், அதே மெத்தையில் தலை சாய்க்கிறார், ஒன்றும் தெரியவில்லை. இந்த மனிதருக்கு மூக்கே இல்லையா என்று ஃப்ளஷ் அதிசயப்படுகிறது. நான் சிரித்துவிட்டேன். ஒரு சர்வாதிகாரியின் முழுத் தோல்வியையும் ஒரு நாயின் ஆச்சரியத்தில் சொல்லிவிடுகிறார் வுல்ஃப்.

இப்போது பெரியம்மாவின் வாக்கியத்தை இங்கே வைத்துப் பாருங்கள். அதுக்குத் தெரியுது. ஆமாம், தெரியுது. தெரிந்துகொண்டு ஃப்ளஷ் என்ன செய்கிறது? தன் எஜமானியின் புதிய சந்தோஷத்தில் கலந்துகொள்கிறதா? பிரௌனிங்கைக் கடிக்கிறது. ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. எலிசபெத் ஒதுக்கிவைத்த பிறகுதான் மெல்ல மனம் மாறி, அந்த ஆள் கொண்டுவந்து பழசாகிப்போன கேக்கைச் சமாதானத்துக்கு அடையாளமாகத் தின்கிறது. மோப்பம் நேராக அன்புக்குக் கொண்டுபோகாது, பொறாமைக்கும் கொண்டுபோகும். தன் மனநிலையை நாய் உணர்கிறது என்றால் அது தனக்காகத்தான் என்று மனிதர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். ஃப்ளஷ் தனக்காகவும் உணர்கிறது. அதற்கும் இழக்க ஏதோ இருக்கிறது.

4

ரஷ்யர்கள் இந்த இடத்தில் இன்னும் தூரம் போனவர்கள். செகாவின் 'கஷ்தான்கா' 1887இல் வந்தது. ஒரு குடிகாரத் தச்சனின் நாய் தெருவில் தொலைந்துபோகிறது. சர்க்கஸ் கோமாளி ஒருவன் எடுத்து வளர்க்கிறான். அவன் வீட்டில் ஏற்கனவே ஒரு வாத்து, ஒரு பூனை, ஒரு பன்றி. குழந்தைகள் கதை என்று சொல்லி நம் கையில் கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் நடுவில் ஒரு இரவு வருகிறது, பெரியவர்களுக்கே தாங்காது.

வாத்தைப் பகலில் ஒரு குதிரை மிதித்துவிட்டது. ராத்திரி அது விநோதமாகக் கத்துகிறது. கஷ்தான்காவுக்கு இருட்டில் யாரோ அந்நியர் ஒருவர் அறைக்குள் இருப்பதுபோலத் தோன்றுகிறது. கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் இருக்கிறார். கோமாளி மெழுகுவர்த்தியோடு வந்து பார்க்கிறான், யாரும் இல்லை என்று திரும்பிப் போகிறான். வாத்து சாகப்போகிறது என்பது அவனுக்கே பிறகுதான் உறைக்கிறது. அப்போது அவன் முகத்தில் மினுங்கும் சொட்டுகள் இறங்குவதை நாய் பார்க்கிறது. மழை பெய்யும்போது ஜன்னல் கண்ணாடியில் வழியுமே, அந்த மாதிரி.

செகாவ் செய்திருப்பது இவ்வளவுதான். நாயின் கண்ணுக்குக் கண்ணீரைக் காட்டினார், கண்ணீர் என்ற அர்த்தத்தைக் கொடுக்கவில்லை. ஒரு சாதாரண எழுத்தாளராக இருந்தால் நாய் ஓடிப்போய் அவன் கையை நக்கியிருக்கும். இங்கே நாய்க்குத் தெரிந்தது வேறு. அறைக்குள் வந்துவிட்ட அந்தக் கண்ணுக்குத் தெரியாத ஆளை அதற்குத் தெரியும். தனக்கும் ஒருநாள் இப்படி ஆகும், காலை நீட்டி, வாயைத் திறந்து, எல்லாரும் பயத்தோடு பார்க்கும்படி கிடப்போம் என்று நினைக்கிறது. மனிதனின் அழுகை அதற்கு ஜன்னல் மழை. அவன் எதைக் கண்டு அழுகிறானோ அதை மட்டும் அவனுக்கு முன்பே கண்டுவிட்டது. இதைவிடத் துல்லியமாக ஒரு நாயின் அறிவை யாரும் எழுதி நான் படித்ததில்லை.

செகாவுக்கு முப்பது வருடம் முன்னால், 1854இல், துர்கனேவின் 'முமு' அச்சில் வந்தது. கைதாகி அடைபட்டிருந்த நாட்களில், 1852இல் எழுதியது. பண்ணையடிமை கெராசிம் காது கேளாதவன், பேச முடியாதவன், ஆஜானுபாகு. மாஸ்கோவில் ஒரு விதவைச் சீமாட்டியின் வீட்டில் வாசல் காக்கிறான். ஆற்றில் மூழ்கிக்கொண்டிருந்த ஒரு குட்டியை எடுத்து வளர்க்கிறான். அவன் வாயிலிருந்து வரக்கூடிய ஒரே ஓசைதான் அதன் பெயர், முமு. நாய் சீமாட்டியைப் பார்த்து உறுமிவிடுகிறது, இரவில் குரைத்துத் தூக்கத்தைக் கெடுக்கிறது. அதை ஒழித்துவிடச் சொல்லி உத்தரவு வருகிறது. நானே செய்கிறேன் என்று கெராசிம் சைகையில் சொல்கிறான்.

திருநாளுக்குப் போடும் அங்கியைப் போட்டுக்கொண்டு, முமுவைக் கயிற்றில் கட்டி ஒரு சாப்பாட்டுக்கடைக்குக் கூட்டிப்போகிறான். இறைச்சி போட்ட முட்டைக்கோஸ் சூப் வாங்குகிறான். ரொட்டியைப் பிய்த்துப் போட்டு, கறியைப் பொடியாக நறுக்கி, தட்டைத் தரையில் வைக்கிறான். முமு நாகரிகமாகச் சாப்பிடுகிறது. அவன் பார்த்துக்கொண்டே இருக்கிறான். அவன் கண்ணிலிருந்து இரண்டு கனத்த சொட்டுகள் விழுகின்றன. ஒன்று நாயின் நெற்றியில், இன்னொன்று சூப்பில்.

முமு என்ன செய்கிறது? பாதித் தட்டைக் காலி செய்துவிட்டு வாயை நக்கியபடி நகர்ந்துபோகிறது.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். மொட்டைமாடியில் என் கையை நக்கிவிட்டுப் போன மணி ஞாபகம் வந்தது. கண்ணீர் நெற்றியிலேயே விழுந்தும் நாய்க்குத் தெரியவில்லை. படகில் ஏற்றி, இரண்டு செங்கல்லைக் கயிற்றில் கட்டி அவன் தூக்கிப் பிடிக்கும்போதும் அது பயமில்லாமல் அவனைப் பார்த்து வாலை லேசாக ஆட்டுகிறது. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை விடுகிறான். அது போட்ட சத்தமும் தண்ணீரின் சத்தமும் அவனுக்குக் கேட்காது. காது கேளாதவன்.

முமுவுக்கு உண்மையிலேயே எதுவும் தெரியாதா? துர்கனேவ் அதற்குள் போகவே இல்லை. எனக்கு இப்போது தோன்றுவது இது: அந்த நாய் அவன் துக்கத்தை முகர்ந்திருக்கலாம். ஆனால் அந்தத் துக்கம் தன்னைக் கொல்லப்போகிற துக்கம் என்று அதற்குத் தெரிய வழியில்லை. அவனை நம்புவது என்பது அதற்கு மூச்சு விடுவது மாதிரி. சீமாட்டிக்குக் கெராசிம் எப்படியோ கெராசிமுக்கு முமு அப்படி. மேலே இருப்பவரின் மனம் சரியில்லை என்றால் கீழே இருப்பவரின் உயிர் போகிறது. அவளுடைய தூக்கமின்மை அவன் வழியாக இறங்கி நாயின் கழுத்தில் கல்லாகக் கட்டப்படுகிறது. துர்கனேவின் அம்மா வீட்டில் இப்படி ஒரு அடிமையும் ஒரு நாயும் நிஜத்திலேயே இருந்தார்கள். நிஜத்தில் அந்த மனிதன் நாயைக் கொன்றபிறகும் அதே எஜமானியிடமே இருந்துவிட்டான். கதையில் கெராசிம் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு நடந்தே போய்விடுகிறான். துர்கனேவால் கொடுக்க முடிந்த நியாயம் அவ்வளவுதான். நாய்க்கு அதுவும் இல்லை.

5

கூட்ஸியின் 'டிஸ்கிரேஸ்' நாவலை (1999) முன்பு ஒரு தடவை படித்திருந்தேன். இனவெறி ஆட்சிக்குப் பிந்தைய தென்னாப்பிரிக்கா, அதிகாரம், பாலியல் வன்முறை என்றுதான் அப்போது புரிந்துகொண்டேன். முமுவுக்குப் பிறகு மறுபடி எடுத்தபோது அது நாய்களைப் பற்றிய நாவலாகத் தெரிந்தது. மாணவியுடனான விவகாரத்தில் வேலையை இழந்த பேராசிரியர் டேவிட் லூரி, மகளின் பண்ணைக்கு வந்து, பெவ் ஷா என்ற பெண்மணி நடத்தும் விலங்கு மருத்துவ நிலையத்தில் கைவேலை செய்கிறார். யாருக்கும் வேண்டாத நாய்களுக்கு ஊசி போட்டுக் கொல்வதுதான் அங்கே முக்கியமான வேலை.

ஆரம்பத்திலேயே பெவ் ஷா அவரிடம், மனதில் நல்லதாக நினைத்துக்கொள், நீ நினைப்பதை அவை முகர்ந்துவிடும் என்கிற மாதிரி ஒன்று சொல்கிறாள். லூரிக்கு அது உளறலாகப் படுகிறது. பெல்ஃபாஸ்ட் சோதனைக்கு இருபத்துமூன்று வருடம் முன்பு எழுதிய வரி. நாவல் போகப்போக லூரியே அதை நம்ப ஆரம்பிக்கிறார். தங்கள் நேரம் வந்துவிட்டது என்று நாய்களுக்குத் தெரிந்துவிடுவதாக, சாவின் அவமானத்தை அவையும் உணர்வதாக நினைக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேனில் திரும்பி வரும்போது சாலையோரம் நிறுத்திவிட்டு அழுகிறார். செத்த நாய்களை எரியூட்டும் இடத்துக்குத் தானே கொண்டுபோகிறார். விறைத்த கால்களை அங்கே வேலை செய்பவர்கள் மண்வெட்டியால் அடித்து மடக்கிவிடக்கூடாது என்பதற்காக.

கடைசிப் பக்கத்தில் ஒரு இளம் நாய். பின்னங்கால் ஊனம். லூரி பாஞ்சோ வாசித்தால் தலையைச் சாய்த்துக் கேட்கும், தானும் பாடிவிடும் போல. இன்னும் ஒரு வாரம் வைத்திருக்கலாம். லூரி கூண்டைத் திறந்து கையை விரிக்கிறார். அது வாலை ஆட்டி வந்து அவர் முகத்தை முகர்ந்து, கன்னத்தை, உதட்டை, காதை நக்குகிறது. அவர் தடுக்கவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு ஊசி போடும் அறைக்குள் போகிறார்.

லாஸி கதையில் வரும் அதே நக்கல்தான். ஆனால் இங்கே அதைத் தாங்கிக்கொள்ள முடியவில்லை. நாய் அவரைத் தேற்றுகிறதா, தன்னைக் காப்பாற்றச் சொல்கிறதா, சும்மா சந்தோஷமாக இருக்கிறதா? மூன்றுக்கும் இடம் இருக்கிறது, கூட்ஸி எதையும் மூடிவிடவில்லை. நாய் நம் துக்கத்தை வாங்கிக்கொள்கிறது என்று சொல்லிச் சந்தோஷப்படுகிறவர்கள் ஒருமுறையாவது இந்தப் பக்கத்தைப் படிக்க வேண்டும். வாங்கிக்கொண்ட நாய்க்கு நாம் என்ன திருப்பிக் கொடுத்தோம் என்ற கேள்வி அங்கே கிடக்கிறது.

இது இலக்கியக்காரர்களின் மிகை உணர்ச்சி மட்டும் இல்லை. 2019இல் ஸ்வீடனில் 58 நாய்களின் முடியையும் அவற்றை வளர்த்தவர்களின் முடியையும் எடுத்து, மன அழுத்தத்தைக் காட்டும் கார்டிசால் ஹார்மோனை அளந்தார்கள். நீண்ட காலம் அழுத்தத்தில் இருக்கும் மனிதரோடு வாழும் நாயின் முடியிலும் அந்த அளவு கூடுதலாக இருந்தது. நம் கெட்ட காலம் நம் நாயின் உடம்பில் முடி முடியாக வளர்கிறது.

6

அப்படியானால் தேற்றும் நாயை எழுதவே கூடாதா? அப்படிச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. கொல்லைப்புறத்தில் அம்மாவின் அழுகை நின்றதை நான் என் கண்ணால் பார்த்தேன். மணி என்ன நினைத்து வந்தது என்பது எனக்குத் தெரியாது, அவளுக்கு ஆறுதல் கிடைத்தது என்பது நிஜம். ஆறுதல் கொடுப்பவருக்கு அந்த எண்ணம் இருந்தால்தான் அது ஆறுதல் என்று இல்லை. நிழல் கொடுக்கும் மரத்திடம் நாம் அப்படிக் கேட்பதில்லையே.

என் கேள்வி வேறு. கணக்கு ஒருபக்கமாகவே ஏன் எழுதப்படுகிறது? சிக்ரிட் நூனெஸின் 'தி ஃப்ரெண்ட்' (2018) எனக்கு முக்கியமாவது இதனால்தான். நியூயார்க்கில் ஒரு எழுத்தாளர் தற்கொலை செய்துகொள்கிறார். அவருடைய பெரிய கிரேட் டேன் நாய், அப்பல்லோ, அவருடைய தோழியிடம் வந்துசேர்கிறது. தோழியின் வீடு சின்னது, நாய் வளர்க்க அனுமதி இல்லாத கட்டடம். நாய் கதவைப் பார்த்தே படுத்திருக்கிறது. செத்துப்போனவர் திரும்பி வரமாட்டார் என்று அதனிடம் எந்த மொழியில் சொல்வது? அவள் புத்தகங்களைச் சத்தமாக வாசிக்கிறாள், அது கேட்கிறது.

இதில் நூனெஸ் வைத்திருக்கும் குசும்பு அழகானது. வீட்டைக் காலி செய்யாமல் இருக்க அவள் ஒரு சான்றிதழ் வாங்குகிறாள். இந்த நாய் இவளுக்கு உணர்வுரீதியான துணை என்று சொல்லும் காகிதம். காகிதத்தில் நாய் அவளைத் தாங்குகிறது. நாவல் முழுக்க அவள்தான் நாயைத் தாங்குகிறாள். யார் யாருக்குத் துணை என்பதில் சட்டத்துக்கு இருக்கும் தெளிவு அந்த வீட்டுக்குள் இல்லை. துக்கம் இரண்டு உயிர்களுக்கும் பொது, ஒருவருக்கு மட்டும்தான் அதைப் பேச வாய் இருக்கிறது.

இதைப் படிக்கும்போது கருப்பி ஞாபகம் வராமல் இருக்குமா? மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' (2018) ஒரு நாயைத் தண்டவாளத்தில் கட்டிக் கொல்வதில் ஆரம்பிக்கிறது. மேல்சாதிக்காரர்களுக்குப் பரியன் மேல் இருக்கும் வன்மத்தை வாங்கிக்கொள்வது அந்த நாயின் உடம்பு. முமுவின் கழுத்தில் கட்டிய கல்லுக்குத் திருநெல்வேலிப் பக்கத்தில் தண்டவாளம் என்று பெயர். கடைசியில், செத்துப்போன கருப்பி, தண்டவாளத்தில் மயங்கிக் கிடக்கும் பரியனை வந்து எழுப்புகிறாள். மேலோட்டமாகப் பார்த்தால் இதுவும் லாஸிதான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காரணம், அதற்கு முன்பே ஒரு மனிதனும் ஒரு ஊரும் ஒரு நாய்க்காக ஒப்பாரி வைப்பதை முழுசாகக் காட்டிவிட்டது படம். மனிதருக்குச் செய்யும் மரியாதை எல்லாம் செய்து கருப்பியை அடக்கம் செய்கிறார்கள். அவள் துக்கத்துக்கு முதலில் கடன் தீர்த்த பிறகுதான் அவளிடம் உதவி வாங்குகிறார்கள். லாஸி கதையில் கடன் தீர்ப்பது என்ற பேச்சே கிடையாது.

7

மணிக்கு வருகிறேன்.

தினமும் சாயங்காலம் ஏழு மணி சுமாருக்கு அப்பாவின் மொபெட் தெருமுனையில் திரும்பும். சைலென்சர் கொஞ்சம் ஓட்டை, சத்தத்தை வைத்தே தெரியும். அப்பா போன பிறகு மணி ஏழு மணிக்கு வாசலுக்குப் போய் நின்றுகொண்டிருந்திருக்கிறது. எத்தனை மாதம் என்று எனக்குத் தெரியாது. நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. அது அம்மா காலடியில் படுத்ததைக் கவனித்தோம், சொந்தக்காரர்களிடமெல்லாம் சொன்னோம். அது எங்களை எவ்வளவு புரிந்துகொள்கிறது என்று பெருமைப்பட்டோம். வாசலில் நின்றதை எதிர்வீட்டு அக்கா சொல்லித்தான் கேள்விப்பட்டேன். "ஒரு எட்டரை மணி வரைக்கும் நிக்கும் தம்பி. அப்பறம் அதுவா உள்ள போயிரும்."

மொட்டைமாடியில் அது என் கையை நக்கிவிட்டு இறங்கிப் போனதும் ஏறக்குறைய அந்த நேரம்தான். அன்று அது போனது வாசலுக்காக இருக்கலாம். நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஆனால் என் துக்கத்தை அது பார்க்கவில்லை என்று நான் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தபோது, அதற்கும் ஒரு துக்கம் இருந்திருக்கலாம் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. இதை ஒத்துக்கொள்ளத்தான் எனக்கு இத்தனை புத்தகம் தேவைப்பட்டது.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். கொல்லைப்புறத்தில் மணி படுக்கும் சாக்கின் மேல் ஒரு பழைய துண்டு கிடந்தது. அப்பாவின் துண்டு. ஓரம் நைந்து, அழுக்கேறி, முடி ஒட்டிப்போய் இருந்தது. துவைக்கும் துணிகளோடு போடலாம் என்று எடுத்தேன். அடுப்படியிலிருந்து அம்மா பார்த்துவிட்டாள்.

"டேய், அத அங்கயே வையி. அத மட்டும் துவைக்காத."